உங்களுக்குத் தெரியுமா? அணைத்த பிறகும் அணையாத பெட்டி

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். அக்கா மகன் எஸ்.பி. ரோட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து நின்றான். "பத்து நிமிஷ வேலைதான் மாமா, வீடியோ பார்த்துட்டேன். திருப்புளி மட்டும் குடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. டெஸ்க்டாப்பில் கார்டைச் செருக பத்து நிமிடம்கூட வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியில் மின்சாரம் எங்கெங்கே தங்கியிருக்கும் என்று தெரியாமல் உள்ளே கை விடக் கூடாது. அன்று அவனுக்குச் சொன்னவையும், வேலைக்கு நடுவே பேச்சுவாக்கில் வந்தவையும்தான் இந்தத் துணுக்குகள்.

★

பெங்களூரில் கம்ப்யூட்டர் பாகம் தேடுகிறவர்கள் முதலில் போகும் இடம் எஸ்.பி. ரோடு. முழுப் பெயர் சதர் பத்ரப்பா ரோடு. டவுன் ஹால் பக்கம் இறங்கி நடந்தால் ஒரு கடையில் ரெசிஸ்டர், அடுத்ததில் கேபிள், அதற்கடுத்ததில் மதர்போர்டு என்று வரிசையாக வரும். பக்கத்திலேயே கே.ஆர். மார்க்கெட். அந்த மார்க்கெட் வட்டாரத்தில்தான் 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரின் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தன. காவிரி கொடுத்த மின்சாரம் அது. சிவனசமுத்திரத்தில் 1902இல் தொடங்கிய நீர்மின் நிலையம் முதலில் ஊருக்கு வெளிச்சம் தரவில்லை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத்தான் மின்சாரம் அனுப்பியது. தங்கவயல் பேச்சு கீழே இன்னொரு முறை வரும்.

★

'ஷட் டவுன்' கொடுத்து, திரையும் கறுத்து, விசிறியும் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இல்லை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில், முன்பக்கப் பொத்தான் வெறும் அழைப்பு மணி. 'எழுந்திரு' என்று மதர்போர்டுக்குச் சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்த மணியைக் கேட்க உள்ளே யாராவது விழித்திருக்க வேண்டுமே! அதற்காக, பெட்டிக்கு மின்சாரம் வழங்கும் டப்பாவான எஸ்.எம்.பி.எஸ். இரவும் பகலும் 5 வோல்ட்டை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில மதர்போர்டுகளில் அணைத்த பிறகும் ஒரு சின்ன விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த 5 வோல்ட்தான் அது.

இந்த அளவு மின்சாரம் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் இதிலிருந்து பிறக்கும் 3.3 வோல்ட் கார்டு செருகும் ஸ்லாட் வரைக்கும் வந்து நிற்கிறது. கார்டு சற்றே சாய்ந்து இறங்கும்போது ஒரு முனை தொட்டு மறுமுனை தொடாத கணம் ஒன்று உண்டு. ஸ்லாட்டில் உயிர் இருந்தால் அந்தக் கணத்தில் மின்சாரம் போகக் கூடாத வழியில் போய்விடும். கார்டு போகலாம், மதர்போர்டும் போகலாம்.

ஏடிஎக்ஸுக்கு முந்தைய பெட்டிகளில் 230 வோல்ட் கம்பியே முன்பக்கச் சுவிட்ச் வரை ஓடிவரும். அணைத்தால் உண்மையாகவே அணைந்தது. ஆனால் திறந்த பெட்டிக்குள் அந்தக் கம்பியில் கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

★

"சுவத்துல சுவிட்சை அணைச்சுட்டேன் மாமா."

பெட்டியின் பிளக் சுவரில் இல்லை, யு.பி.எஸ்.ஸில் இருந்தது. சுவரில் அணைத்ததும் யு.பி.எஸ். அதைக் கரண்ட் கட் என்று எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். அதை வாங்கி வைத்ததே அதற்காகத்தானே! வீட்டு இன்வெர்ட்டரும் அப்படித்தான். மெயின் சுவிட்சை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்ட் உயிரோடு இருக்கும். பெட்டியின் பின்னால் உள்ள பவர் கேபிளைக் கையால் பிடுங்கித் தரையில் போட்டு, அது கிடப்பதைக் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் உறுதி.

★

நம் ஊர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? செருகும்போது முதலில் தொடுவதற்கும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்கும்.

இதை வைத்துத்தான் மெக்கானிக்குகளிடையே ஒரு பழைய வாதம் ஓடுகிறது. "பிளக்கை அப்படியே விட்டுட்டு சுவிட்சை மட்டும் அணை. எர்த் தொடர்பு இருக்கும், உடம்புல உள்ள நிலைமின்சாரம் பெட்டி வழியா பூமிக்கு எறங்கிடும்" என்பார்கள் ஒரு சாரார். ஒயரிங் சரியாக உள்ள வீட்டில் இது சரியான பேச்சு. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது புதிதல்ல. அங்கே சுவிட்சை அணைத்தால் வெட்டுப்படுவது நியூட்ரல். 230 வோல்ட் பெட்டியின் வாசல்வரை வந்து காத்திருக்கும். வாடகை வீட்டில் எந்தக் காலத்தில் யார் ஒயரிங் செய்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் பிளக்கைப் பிடுங்கும் கட்சி. உடம்பின் நிலைமின்சாரத்துக்கு வேறு வழி இருக்கிறது, வருகிறேன்.

★

மானிட்டர், பிரிண்டர், தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் இவற்றுக்குத் தனி மின்சாரம் உண்டு. அந்தக் கேபிள்கள் வழியாகவும் பெட்டிக்குள் மின்சாரம் எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

★

கேபிளைப் பிடுங்கிய பின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பத்து நொடி பிடித்துப் பாருங்கள். சில பெட்டிகளில் விசிறி கால் சுற்று சுற்றி நிற்கும். கெபாசிட்டர்களில் மிச்சமிருந்த மின்சாரம் அப்படிச் செலவாகிறது. மதர்போர்டு விளக்கு அணைந்த பிறகு மூடியைத் திறக்கலாம்.

இந்த வித்தையை நம்பி எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சி 325 வோல்ட். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் அந்த அளவுக்கு, சில வகைகளில் 400 வோல்ட் வரைக்கும், நிரம்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் வடியாது. கார்டு செருக அந்த டப்பாவைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

★

கம்ப்யூட்டர் பெட்டியின் தகட்டைத் தொட்டால் சிலர் வீட்டில் விர்ரென்று எறும்பு ஊர்வதுபோல இருக்கும். வெறுங்காலில் நின்றால் நன்றாகத் தெரியும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். "பெட்டியில லீக்கேஜ்" என்று பயந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை, சுவரில்.

எஸ்.எம்.பி.எஸ். வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து தகட்டுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் பூமிக்கு இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் தகடு நடுவில் தொங்கும்: 230இல் பாதி, சுமார் 115 வோல்ட். ஓடும் மின்சாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் விர்ரோடு முடிகிறது. ஆனால் அப்படித் தொங்கும் பெட்டியில், எர்த் ஆகியிருக்கும் டிவியின் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால் முனையில் பொறி பறக்கும். புதுக் கார்டின் போர்ட் அதில் போய்விடலாம்.

கார்டு வாங்கும் காசோடு சேர்த்து ஓர் எலெக்ட்ரிஷியனுக்கும் காசு எடுத்து வையுங்கள் என்பேன். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்து, கோடையில் குடம் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுக்குமாடிக்கு வந்த நாம் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோம்.

★

சென்னையில் பல வருடம் கம்ப்யூட்டர் கழற்றிப் பூட்டியவர் பெங்களூருக்கு வந்தால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னைக் கடற்காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, நிலைமின்சாரத்தைச் சேரவிடாமல் கரைத்துவிடும். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில், கடலுக்குத் தொலைவில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். சில நாள் அதற்கும் கீழே. கம்பளியை உதறும்போது இருட்டில் பொறி தெரிவதும், கார்க் கதவைத் தொடும்போது சுரீரென்று கடிப்பதும் இந்த மாதங்களில்தான்.

கம்பள விரிப்பின் மேல் நடக்கும் மனிதர் உடம்பில் காய்ந்த காற்றில் 35,000 வோல்ட் வரை ஏறும். ஈரக்காற்றில் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான் என்பது இந்தத் துறையில் வழக்கமாகக் காட்டும் கணக்கு. நம் வீடுகளில் கம்பளம் இல்லாவிட்டால் என்ன? பாலியெஸ்டர் சட்டை, ஃபோம் சோபா, பிளாஸ்டிக் நாற்காலி இருக்கின்றனவே. நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் கார்டைத் தொடுவது எல்லாவற்றிலும் மோசம்.

மழைக்காலத்தில் செய்தால் நல்லதா என்று கேட்டான். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ஜூன் வரை யார் காத்திருப்பார்கள்! அதே பிப்ரவரியில், பருத்திச் சட்டை போட்டு, வெறுங்காலில் டைல்ஸ் தரையில் நின்று செய்யலாம்.

★

நிலைமின்சாரப் பொறியை நம் விரல் உணர வேண்டுமானால் அது சுமார் 3,000 வோல்ட்டாவது இருக்க வேண்டும். சில்லுகள் சிலவற்றுக்கு 100 வோல்ட்டே போதும், பழுதாக. இடையில் உள்ள அத்தனை வோல்ட்டும் நமக்குத் தெரியாமலே நடந்து முடியும். "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்பது சாட்சியாகாது.

ஏன் இவ்வளவு மென்மை? இன்றைய டிரான்சிஸ்டரின் வாயிலில் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்தப் படலத்தில் ஒரு துளை விழுந்தால் தைக்க முடியாது.

துளை முழுதாக விழாமல் மெலிந்துபோவதும் உண்டு. அதுதான் அதிகம் ஏமாற்றுவது. கார்டு அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதமும் செய்யும். பிறகு ஒருநாள் காரணமில்லாமல் திரை உறையத் தொடங்கும். கடைக்காரரையும் கம்பெனியையும் திட்டுவோம். பொருத்திய நாளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் ஒருகாலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிய கையோடு ஒரு ரேமைப் பொருத்தி, மூன்று மாதம் கழித்து அதை இழந்திருக்கிறேன். அதுதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்வெட்டரோடு பெட்டியைத் தொட்டதில்லை.

★

பிளக்கைப் பிடுங்கிய பிறகு எர்த் இல்லையே, நிலைமின்சாரம் எங்கே போகும்? பூமிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் உடம்பும் பெட்டியும் கார்டும் ஒரே அளவில் இருந்தால் போதும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில்தான் தண்ணீர் பாயும். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கத் திருகு நல்ல இடம். பிறகு கார்டு இருக்கும் பையைத் தொடுங்கள். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடி தொடுங்கள்.

மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் இன்னும் நல்லது. அதன் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. நிலைமின்சாரம் வடிய அது தடையில்லை. தவறி மின்கம்பி எதிலாவது பட்டால், உடம்பு வழியே ஓடும் மின்சாரத்தை ஆபத்தில்லாத அளவுக்குள் நிறுத்துவது அதுதான். எனவே வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியோடு கட்டிக்கொள்ளும் கைவைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

★

கார்டு வரும் வெள்ளிநிறப் பையில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. உள்ளே உள்ளதை அது கவசமாகக் காக்கும். இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பைக்கு அந்தக் கவசம் கிடையாது. தான் மின்னேறாமல் இருக்கும், அவ்வளவுதான். கடையில் கார்டை எடுத்துக் காட்டினால் பார்த்துவிட்டு வெள்ளிப் பையிலேயே போடச் சொல்லுங்கள். ஸ்லாட் தயாராகும் வரை கார்டு பையிலேயே இருக்கட்டும்.

★

கார்டின் அடிவிளிம்பில் பளபளக்கும் மஞ்சள் பற்கள் உண்மைத் தங்கம். நிக்கல் பூச்சின் மேல், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில், தேய்மானம் தாங்குவதற்காகக் கோபால்ட்டோ நிக்கலோ துளி கலந்த தங்கம். அழகுக்காக இல்லை. செம்பும் வெள்ளீயமும் காற்றில் கறுக்கும், தங்கம் கறுக்காது. 2 வோல்ட்டுக்கும் குறைந்த சேதிகள் ஓடும் இடத்தில் அழுக்குப் படலம் ஒரு சுவர்.

பெங்களூருக்குக் கிழக்கே 100 கிலோமீட்டரில்தான் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் இறங்கி எடுத்த உலோகம் அது. இந்தப் பற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால்தான், கார்டு வேலை செய்யாவிட்டால் உடனே பென்சில் ரப்பரை எடுத்துத் தேய்க்கும் பழக்கத்தைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. ரப்பரில் உள்ள நுண்மணல் அழுக்கோடு சேர்த்துத் தங்கத்தையும் சுரண்டும். நாலு முறை தேய்த்தால் நிக்கல் வெளியே வந்துவிடும். தேய்ப்பதால் நிலைமின்சாரமும் பிறக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து மெல்லத் துடைத்து, காயவிட்டுச் செருகினால் போதும். வாங்கிய நாளிலிருந்து பற்களை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்தால் துடைக்கவும் வேண்டாம்.

★

1977இல் வந்த ஆப்பிள் இரண்டாம் கம்ப்யூட்டரில் 8 ஸ்லாட்டுகள். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இரண்டே போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 5. அதில் கார்டு போடாமல் திரையில் ஓர் எழுத்துகூட வராது.

★

தமிழ் எழுத்து திரையில் தெரியவே ஒரு கார்டு செருக வேண்டியிருந்த காலம் உண்டு. இளையவர்கள் நம்ப மாட்டார்கள்.

டாஸ் காலத்து பி.சி. ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். 1980களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இந்திய எழுத்துகளுக்காக 'ஜிஸ்ட்' என்ற தொழில்நுட்பம் உருவானது. 1988இல் புனேயில் தொடங்கிய சி-டாக் அதை எடுத்து வளர்த்து, ஜிஸ்ட் கார்டு என்று விற்றது. பெட்டியைத் திறந்து அந்தக் கார்டை ஸ்லாட்டில் அழுத்தினால், வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் தமிழ் காட்டின. அந்த மென்பொருள்களுக்குத் தமிழ் தெரியாது. எண்களைத்தான் அவை அனுப்பின. அந்த எண்களைத் தமிழாகவோ கன்னடமாகவோ இந்தியாகவோ வரைந்து திரைக்குக் கொடுத்தது கார்டு. எண்களை ஒழுங்குபடுத்திய 'இஸ்கி' என்ற குறிமுறை 1991இல் இந்தியத் தரமாக வெளிவந்தது. அதோடு வந்த இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் தமிழ் 'க'வுக்கும் கன்னட 'க'வுக்கும் ஒரே விசை. இரண்டு மொழியும் அக்கம்பக்கத்தில் வாழும் பெங்களூரில் இதன் அருமை சொல்லாமலே புரியும்.

யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தபோது இந்த இஸ்கியின் அடுக்குதான் அடிப்படையாக அமைந்தது. விண்டோஸ் 2000 தமிழைத் தானே காட்டியது. அதோடு கார்டின் வேலை முடிந்தது. நீங்கள் இன்று போனில் தட்டும் 'வணக்கம்' ஒருகாலத்தில் தங்கப் பல் வைத்த பச்சைப் பலகை வழியாகத்தான் வந்தது.

★

அந்தக் காலத்துக் கார்டுகளில் ஜம்பர் என்ற சின்ன மூடிகளை இடம் மாற்றி மாற்றி வைத்து, எந்தக் கார்டு எந்த எண்ணில் பிராசசரை அழைக்கும் என்று நாமே பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். சவுண்டு கார்டும் பிரிண்டரும் ஒரே எண்ணுக்குச் சண்டை போட்டால் இரண்டும் படுத்துவிடும். 1995இல் விண்டோஸ் 95 அந்தப் பங்கீட்டை ஏற்றுக்கொண்டது.

★

இன்று நாம் பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் அஜய் பட். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய், இன்டெல்லில் வேலை பார்த்தவர். யு.எஸ்.பி.யும் அவர் குழுவின் ஆக்கம்தான்.

★

பிசிஐ எக்ஸ்பிரஸில் சின்னக் கார்டைப் பெரிய ஸ்லாட்டில் தாராளமாகச் செருகலாம். 25 மில்லிமீட்டர் நீள வைஃபை கார்டை 89 மில்லிமீட்டர் நீள கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் போட்டாலும் ஓடும். எல்லா அளவிலும் முதல் பகுதியும் அதன் பிறகு வரும் வெட்டும் ஒரே இடத்தில் இருப்பதால் தலைகீழாகப் போட முடியாது. போகவில்லை என்றால் பலம் போதவில்லை என்று பொருள் இல்லை. திசையோ ஸ்லாட்டோ தவறு. பார்வைக்கு நீளமான இரண்டாவது ஸ்லாட்டில் உள்ளே கால்பங்குக் கம்பிதான் போட்டிருப்பார்கள், பல மதர்போர்டுகளில். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பிராசசரை ஒட்டிய முதல் நீள ஸ்லாட்டே சரி.

★

கார்டின் பற்களில் ஓரிரண்டு மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். 'கார்டு முழுதாக இறங்கிவிட்டது' என்று சொல்லும் பற்கள் அவை. கடைசியாகத் தொட வேண்டும் என்பதற்காகவே குட்டை. பாதி இறங்கிய கார்டை மதர்போர்டு கண்டுகொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கோடியில் உள்ள கொக்கி 'டிக்' என்று பிடிக்கும்.

பழைய கார்டைக் கழற்றும்போது அந்தக் கொக்கியை மறந்து இழுப்பவர்கள் ஏராளம். கொக்கி உடைந்தால் பிழைத்தோம். ஸ்லாட்டே பெயர்ந்து வந்த மதர்போர்டையும் பார்த்திருக்கிறேன்.

★

அலுவலகங்கள் கழித்துவிடும் ஒல்லியான டெஸ்க்டாப்புகளை மலிவாக வாங்கி, அதற்குக் கார்டு தேடுவோர் இப்போது அதிகம். கார்டின் பின்தகடு முழு உயரம் 120 மில்லிமீட்டர். ஒல்லிப் பெட்டிக்கு வேண்டியது 80 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த 'லோ புரொஃபைல்' வகை. ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனால் எஸ்.பி. ரோட்டுக்கு இரண்டு நடை மிச்சம்.

★

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கேபிள். 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. அக்கா மகனை நான் கையைப் பிடித்து நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரண்டு வகை 8 பின் கேபிள்கள் தொங்கும். ஒன்று பிராசசருக்கு, மற்றது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் பூமிக்கம்பி. துளைகளின் வடிவம் தவறாகச் செருகவிடாமல் தடுக்கும். அந்தத் தடையைப் பலத்தால் ஜெயித்தால் ஷார்ட் சர்க்யூட். நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.

கேபிளைத் தனியாகக் கழற்றும் வசதி உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால் இன்னொரு எச்சரிக்கை. கார்டுப் பக்க முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி அமைக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், பொருந்தியதும் எரிக்கும். பழையதை விற்கும்போது கேபிளையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்கின் சாட்டா பவர் முனையிலிருந்து 6 பின் எடுக்கும் சின்ன மாற்றிகள் கடையில் கிடைக்கின்றன. சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 6 பின் கேட்கக்கூடியது 75. மிச்சம் சூடாக மாறும். வாங்காதீர்கள்.

2022இல் வந்த புதிய 16 பின் இணைப்பான் தனியாக 600 வாட் தரும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். வீட்டில் கீசருக்குப் போடும் பாயிண்டே 16 ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டே ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த முனை உருகியது. கேபிள் முழுதாக இறங்காததே முக்கியக் காரணம் என்றது என்விடியா. மறு வருடம் வந்த திருத்தத்தில், கேபிள் இறங்கியதா என்று உணரும் பின்களைக் குட்டையாக்கினார்கள், பாதி செருகினால் மின்சாரமே வராதபடி.

★

கையிலிருந்து நழுவிய திருகு எங்கே விழுந்தது என்று தெரியாமல் சுவிட்சைப் போடாதீர்கள். பெட்டியைப் படுக்க வைத்து வேலை செய்தால் பாதித் திருகு தொலையாது. காந்த முனைத் திருப்புளி பயன்படுத்தலாம், அதனால் எதுவும் கெடாது.

★

வைஃபை கார்டு போட்டு, இணையம் வந்து, ப்ளூடூத் மட்டும் வரவில்லையா? கார்டோடு வந்த சின்ன ஒயரை மதர்போர்டின் யு.எஸ்.பி. பின்களில் செருகியிருக்க மாட்டீர்கள். ஒரே கார்டில் இருந்தாலும் ப்ளூடூத் பேசுவது யு.எஸ்.பி. வழியாகத்தான்.

★

பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகள் சில இன்று 2 கிலோவைத் தாண்டுகின்றன. வீடு மாற்றும்போது கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக எடுத்துப் போங்கள். பெங்களூர்ச் சாலைப் பள்ளங்களில் டெம்போ குதிக்கும் ஒவ்வொரு குதிக்கும் அந்த 2 கிலோ ஸ்லாட்டில்தான் தொங்கும்.

★

கழற்றிய பழைய கார்டு செத்துவிட்டால் குப்பை வண்டியில் போடக் கூடாது. அதில் தங்கம் மட்டும் இல்லை, ஈயமும் இருக்கலாம். அமிலத்தில் முக்கித் தங்கம் பிரிக்கும் இடங்களுக்குப் போனால் அது தொழிலாளியின் நுரையீரலில் போய்ச் சேரும். பெங்களூருக்கு வெளியே டாபஸ்பேட்டையில் இயங்கும் இ-பரிசரா, நாட்டில் இந்த மறுசுழற்சியை முறையாகத் தொடங்கிய முன்னோடிகளில் ஒன்று. கன்னடத்தில் 'பரிசர' என்றால் சுற்றுச்சூழல்.

★

அன்று எல்லாம் முடிந்து, கேபிள்களைத் திரும்பச் செருகி, சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, கார்டின் விளக்கும் எரிந்தது. மானிட்டரில் 'நோ சிக்னல்'. அக்கா மகன் முகம் வாடிவிட்டது. "போச்சா மாமா?" என்றான். மானிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டின் போர்ட்டிலேயே செருகியிருந்தான். புதுக் கார்டு போட்டவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம். கார்டு இருந்தால் படம் கார்டின் போர்ட்டில்தான் வரும். ஒரு விரற்கடை கீழே மாற்றிச் செருகச் சொன்னேன்.